கையால பெயின்ட் அடிச்ச கனடா சிப்பாய் சிலை: 420 வெள்ளிக்கு வொர்த்தா?

மொதல்லயே சொல்லிடுறேன், இது பிள்ளைங்க வெளையாடுற பொம்மை இல்ல. ரெசின்ல வார்த்து கையால பெயின்ட் அடிச்சு மரக்கட்டை மேல ஒட்டி தர்ற சிப்பாய் சிலை, நிமிந்து நின்னா ஒசரம் 75 மில்லிமீட்டர், என் சுண்டுவிரல விட கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். வெல 420 வெள்ளி. வீட்டுல 120ன்னு சொல்லி வெச்சிருக்கேன், அவ இதெல்லாம் படிக்க மாட்டாங்குற தைரியத்துலதான் எழுதுறேன்.

கடை பேரு போடல. சிட்டி பக்கம் ஒரு பழைய மால், மூணாவது மாடி, ஒரு பக்கம் தபால்தலை விக்கிற கடை இன்னொரு பக்கம் மூடியே கெடக்குற டெய்லர் கடை. ஓனரு ஒரு சீன அங்கிள், அறுவது தாண்டியிருக்கும். ஏன் பேரு போடலன்னா நான் கொஞ்சம் திட்டவும் போறேன், ஆனா திட்டுனதெல்லாம் அவரு சரி பண்ணியும் குடுத்துட்டாரு, அப்புறம் பேரு போட்டு அசிங்கப்படுத்துறது நியாயமில்ல.

எதுக்கு வாங்குனேன்னா, அக்கா குடும்பம் ரொம்ப வருஷமா கனடாவுல, வின்னிப்பெக்ல. அக்கா பையன் போன வருஷம் அங்க ரிசர்வ்ல, அதாவது பகுதிநேர பட்டாளத்துல, இன்ஃபன்ட்ரில சேந்துட்டான். அக்கா ஃபோன் பண்ணி ஒரே அழுகை. இங்க சிங்கப்பூர்ல நாங்கல்லாம் லெட்டர் வந்ததுனால பட்டாளத்துக்கு போனவங்க, இவன் தானா போயி கையெழுத்து போட்டிருக்கான், அதுவும் மைனஸ் முப்பதுல. சரி மாமன்னு ஒருத்தன் இருக்கேன், ஏதாச்சும் உருப்படியா அனுப்புவோம்னு யோசிச்சப்ப ஞாபகம் வந்தது ஜான் ராபர்ட் ஆஸ்போர்ன். வின்னிப்பெக் கிரனடியர்ஸ் காலாட்படையில சிஎஸ்எம், கம்பெனி சார்ஜன்ட் மேஜர், அதாவது ஒரு கம்பெனி சிப்பாய்ங்களோட ஒழுங்க பாத்துக்குற மூத்த ஆளு. 1941 டிசம்பர் 19, ஹாங்காங்ல செத்தாரு. மருமகன் ஊரு பட்டாளம், செத்தது நம்ம பக்கம். இத விட பொருத்தமா வேற யாரு கெடைப்பா?

சில வருஷத்துக்கு முன்னாடி குடும்பத்தோட ஹாங்காங் போயிருந்தோம். ஹாங்காங் பார்க்ல இவரு ஞாபகமா ஒரு சிலை இருக்கு, பிள்ளைங்க பறவை பாக்க ஓடுனப்ப நான் அங்க நின்னு பலகைய படிச்சேன். அப்புறம் வீட்டுக்கு வந்து தேடுனாதான் தெரியுது, அந்த சிலை அவரே இல்ல! மொத உலகப்போர் உடுப்புல இருக்குற பேரு தெரியாத ஏதோ ஒரு சிப்பாய். யூ டோங் சென்னுன்னு பெரிய பணக்காரரு ஹாங்காங்ல யூக்ளிஃப்னு மாளிகை கட்டி வெச்சிருந்தாரு, அங்க அலங்காரத்துக்கு நின்ன சிலைய பின்னாடி கொண்டாந்து இவரு பேருல வெச்சிருக்காங்க. யூ டோங் சென் யாருன்னு கேக்குறீங்களா, நம்ம சைனாடவுன் எம்ஆர்டி ஸ்டேஷன் பக்கத்துல பீப்பிள்ஸ் பார்க் முன்னாடி போற ரோட்டுக்கு பேரு என்ன? யூ டோங் சென் ஸ்ட்ரீட், அவரேதான், யூ யான் சாங் மருந்துக்கடை குடும்பம். நான் அந்த ரோட்டுல எத்தன தடவ பஸ்ஸுக்கு நின்னிருப்பேன்.

கல்லறையாச்சும் இருக்கான்னா அதுவும் இல்ல. ஒடம்பு எங்கன்னு அடையாளம் தெரியல, சாய் வான் நினைவுச்சுவர்ல பேரு மட்டும். நம்ம கிராஞ்சி போர்க் கல்லறையில மேல சுவர் சுவரா 24,000-க்கு மேல பேரு செதுக்கியிருக்காங்கல்ல, அதே மாதிரி. ஆக சிலை வேற ஆளோடது, கல்லறை கெடையாது, அவருக்கு குடுத்த மெடல் ஒட்டாவா மியூசியத்துல. அதனாலதான் இந்த சின்ன சிலையாச்சும் ஒழுங்கா இருக்கணும்னு ஒரு பிடிவாதம். அங்கிள் என்னைய பைத்தியம்னு நெனச்சதுக்கும் இதுதான் காரணம்.

மொத தடவ கடைக்கு போனப்ப அங்கிள் கேட்லாக் எடுத்து போட்டாரு. எல்லாமே ஒரே மாதிரி, வாய தெறந்து கத்திக்கிட்டு, துப்பாக்கிய தூக்கிக்கிட்டு, ஒரு கால் பாறை மேல. "திஸ் ஒன் நைஸ், ஹீரோ" அப்படின்னாரு. எனக்கு அது வேணாம்னேன், குனியுற மாதிரி வேணும்னேன். அவருக்கு புரியல. குனிஞ்ச சிப்பாய யாரு காசு குடுத்து வாங்குவான்னு பாக்குறாரு. உக்காந்து கதையே சொல்ல வேண்டியதா போச்சு, ஒங்களுக்கும் சொல்லிடுறேன்.

ஆஸ்போர்ன் பொறந்தது 1899ல இங்கிலாந்துல, நார்ஃபோக். மொத போர்ல கடற்படை ரிசர்வ்ல இருந்தாரு. அப்புறம் கனடா போயி சஸ்காச்சுவான்ல கொஞ்ச நாள் விவசாயம், பின்ன மனிடோபாவுல கனடியன் பசிபிக் ரயில்வேல மராமத்து வேலை. 1933ல கிரனடியர்ஸ்ல சேந்தாரு. 1939ல போர் வந்ததும் முழுநேரமா கூப்ட்டாங்க, பட்டாளத்த ஜமைக்காவுக்கு காவலுக்கு அனுப்புனாங்க. அங்கேருந்து திரும்பி வந்தவங்கள 1941 அக்டோபர் கடைசில வான்கூவர்ல கப்பல் ஏத்திட்டாங்க, கூட கியூபெக்லேருந்து ராயல் ரைஃபிள்ஸ்னு இன்னொரு பட்டாளம், மொத்தம் 1,975 பேரு. ரெண்டு பட்டாளமும் சண்டைக்கு இன்னும் தயாராகலன்னு கனடா ராணுவமே வகை பிரிச்சு எழுதி வெச்சிருந்துச்சு, இருந்தும் அனுப்பிட்டாங்க, ஏன்னா சும்மா காவல் டியூட்டிதான, ஜப்பான்காரன் வரமாட்டான்னு நெனப்பு. அவங்களோட 212 வண்டிங்களும் வேற கப்பல்ல ஏறி ஹாங்காங் வந்து சேரவே இல்ல. நவம்பர் 16 எறங்குனாங்க. டிசம்பர் 8 சண்டை ஆரம்பம். சிங்கப்பூர்ல மொத குண்டு விழுந்ததும் அதே நாள்தான். ஊரு பாக்க மூணு வாரம்தான் நேரம் கெடைச்சுது.

18ஆம் தேதி ராத்திரி ஜப்பான் படை ஹாங்காங் தீவுல எறங்குச்சு. மறுநாள் காலைல மவுன்ட் பட்லர் மலைய புடிக்க போன ஏ கம்பெனி நடுவழியில பிரிஞ்சு போச்சு. ஒரு பகுதி ஆளுங்கள ஆஸ்போர்ன் கூட்டிட்டு போயி பயனெட்டாலேயே குத்தி உச்சிய புடிச்சாரு. நம்ம புக்கிட் தீமா 164 மீட்டர்தான், அது 400 மீட்டருக்கு மேல, முதுகுல மூட்டையோட யோசிச்சு பாருங்க. மூணு மணி நேரம் புடிச்சு வெச்சிருந்தாங்க, அப்புறம் தாக்குப்புடிக்க முடியல. பின்வாங்குறப்ப மத்தவங்க போறதுக்காக இவரு தனியா நின்னு சுட்டுக்கிட்டிருந்துட்டு கடைசியா குண்டு மழையில ஓடி வந்து சேந்தாரு.

மத்தியானம் கம்பெனிய சுத்தி வளைச்சுட்டாங்க. ஒரு சின்ன பள்ளத்துல இருந்தாங்க, எதிரி கையெறி குண்டு எட்டுற தூரத்துக்கு வந்துட்டான். பள்ளத்துக்குள்ள குண்டு வந்து விழ விழ ஆஸ்போர்ன் குனிஞ்சு எடுத்து திருப்பி எறிஞ்சாரு. ஒண்ணு ரெண்டு இல்ல, பல தடவ. கடைசியா ஒண்ணு கைக்கு எட்டாத எடத்துல விழுந்துச்சு, எடுத்து எறிய நேரம் இல்ல. கூட இருந்தவங்களுக்கு கத்தி சொல்லிட்டு அது மேலேயே விழுந்தாரு. அங்கேயே முடிஞ்சுது. 42 வயசு. இத பாத்தவங்கள்ள பொழச்சவங்க ஜப்பான் சிறையில கெடந்துட்டு போர் முடிஞ்சப்புறம் வந்து சொல்லித்தான் 1946ல விக்டோரியா கிராஸ்ங்குற பெரிய வீரப் பதக்கத்த குடுத்தாங்க.

நான் "சிஎஸ்எம்"னு சொன்னதுமே அங்கிள் நிமிந்து உக்காந்தாரு. "வா, எஞ்சிக் ஆ?" அப்படின்னாரு, இங்க பட்டாளத்துல சிஎஸ்எம் மாதிரி ஆளுங்கள அப்படித்தான் கூப்புடுவோம். அங்கதான் ரெண்டு பேருக்கும் ஒட்டிக்கிச்சு. இந்த ஊர்ல என்எஸ், அதாவது கட்டாய ராணுவ சேவை, முடிச்சவன் எவனுக்கும் சிஎஸ்எம்னா என்னன்னு வெளக்க வேணாம். என் கம்பெனி சிஎஸ்எம் படுக்கை விரிப்புல சுருக்கம் இருந்துச்சுன்னு என் கட்டிலயே கவுத்து போட்டவரு, அவரு பூட்ஸ் சத்தம் படிக்கட்டுல கேட்டா தூங்குறவனும் எந்திரிச்சு நிப்பான். ஆனா பயிற்சி நடக்குற தெக்கோங் தீவுல லைவ் கிரனேட் எறிஞ்ச அன்னிக்கு என் கை நடுங்குறத பாத்துட்டு ஒண்ணுமே திட்டாம பக்கத்துல நின்னு "மெதுவா, மெதுவா"ன்னு சொன்னதும் அதே ஆளுதான். எறிஞ்சு சுவருக்கு பின்னால உக்காந்தப்ப நெஞ்சுக்குள்ள ஒரு அதிர்ச்சி வரும் பாருங்க, சத்தமா காதுல வர்றது இல்ல அது, ஒடம்புல வர்றது. அத ஒரு தடவ அனுபவிச்சவனுக்கு, விழுந்த குண்ட குனிஞ்சு எடுக்குறதுன்னா என்னன்னு தெரியும். ஜப்பான் 97ஆம் டைப் குண்டு வெடிக்க நாலஞ்சு செகண்ட்தான் எடுக்கும், அதுல பாதி அது பறந்து வர்றதுலயே போயிடும். மிச்சத்துல குனியணும், தேடணும், எடுக்கணும், எறியணும்.

அங்கிள் கேக்குறாரு, "விழுந்து படுக்குற போஸ் ஏன் வேணாம், அதுதான ஃபேமஸ்?" வேணாம்னேன். விழுந்தது ஒரே தடவ, குனிஞ்சது திரும்ப திரும்ப. மருமகனுக்கு காட்ட வேண்டியது குனிஞ்சதத்தான். அவரு கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் கால்குலேட்டர் எடுத்து 90 வெள்ளி எக்ஸ்ட்ரான்னு காட்டுனாரு, ரெடிமேட் ஒடம்ப வெட்டி இடுப்பையும் கையையும் புதுசா செய்யணுமாம். இதுதான் சிங்கப்பூர், பீலிங் ஒரு பக்கம் பில்லு ஒரு பக்கம்.

அடுத்து நடந்தது காமெடி. போஸுக்கு மாதிரி படம் இல்ல, அதனால என்னைய கடை நடுவுல நிக்க வெச்சு பசை பாட்டில் மூடிய தரையில போட்டு எடுக்க சொன்னாரு. நானும் தொப்பையோட குனிஞ்சேன். "பென்ட் சம்மோர், பென்ட் சம்மோர்." நாலு பக்கத்துலேருந்தும் ஃபோன்ல படம். தபால்தலை கடைக்காரரு எட்டி பாத்து சிரிக்கிறாரு. எந்திரிக்கிறப்ப முட்டி ரெண்டும் சத்தம் போட்டுச்சு, எனக்கு இப்ப 46. அவரு 42ல மலை ஏறிட்டு இத பண்ணியிருக்காரு.

டெபாசிட் 200 ஃபோன்லயே பேநவ்ல கட்டுனேன், ஆறு வாரம்னாரு, ஒம்பது வாரம் ஆச்சு. நடுவுல மெசேஜ் பண்ணா நீல டிக் வரும் பதில் வராது. இது மைனஸ். ரெண்டு தடவ நேர்ல போயி கடை மூடியிருந்து திரும்பி வந்தேன், ஒரு தடவ நல்ல மழை வேற.

ஒம்பதாவது வாரம் போயி பாத்தா, முகமும் கையும் பிரமாதம். நெத்தியில வேர்வைக்கு ஒரு மினுமினுப்பு, ஹெல்மெட் வார்ல தோல் வெடிப்பு, கை நரம்பு, எல்லாத்துக்கும் லூப்பு, அதான் சின்ன பூதக்கண்ணாடி, வெச்சுதான் பாக்கணும். நான் ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம்தான் மத்ததெல்லாம் கண்ணுல படுது. ஒண்ணு, தோள்பட்டைக்கு கீழ சார்ஜன்ட் மூணு பட்டை. அய்யா, சிஎஸ்எம்முக்கு பட்டை கெடையாது, மணிக்கட்டுக்கு மேல கிரீடம். என் சிஎஸ்எம்ம போயி சார்ஜன்ட்னு கூப்ட்டிருந்தா நான் இன்னும் தெக்கோங்லயே புஷ்அப் எடுத்துக்கிட்டிருப்பேன்.

ரெண்டாவது, பேரு தகடுல செவப்பு மேப்பிள் எலை கொடி. அந்த கொடி வந்ததே 1965 பிப்ரவரி 15. ஆஸ்போர்ன் செத்து 23 வருஷம் கழிச்சு! (பிப்ரவரி 15ன்னா நமக்கு வேற ஒண்ணும் ஞாபகம் வரும், 1942ல சிங்கப்பூர் விழுந்த நாள். அது சும்மா தற்செயல்தான், ஆனா அங்கிள் கிட்ட சொன்னப்ப ரெண்டு பேரும் கொஞ்சம் அமைதியாயிட்டோம், அவரு அப்பா வழி ஆளுங்கள அந்த வாரம் ஜப்பான்காரங்க வரிசையில நிக்க வெச்சு கூட்டிட்டு போயிருக்காங்க.)

மூணாவதுதான் எனக்கு தாங்கல. சிலை நிக்கிற அடி பேஸ் முழுக்க செவப்பு பாப்பி பூ. போர் நினைவுன்னா பாப்பின்னு யாரோ சொல்லியிருக்காங்க போல. அது பெல்ஜியம், ஃப்ளாண்டர்ஸ் வயல்ல பூத்தது, மொத உலகப்போர் கதை. டிசம்பர் மாசம் ஹாங்காங் மலையில ஏது பாப்பி? கருங்கல்லும் காஞ்ச புல்லும் புதரும்தான் இருக்கும். அங்கிள் கிட்ட சொன்னா "பட் நைஸ் வாட், கலர்" அப்படின்னாரு. கொஞ்சம் சத்தமாவே பேசிட்டேன், ஒத்துக்குறேன். சிலை வேற ஆளு, கல்லறை இல்ல, இப்ப பூவும் தப்புன்னா எப்படின்னு கேட்டேன். அவரு கண்ணாடிய கழட்டி தொடைச்சுட்டு, "ஓகே, யூ சிட்"னாரு. கீழ போயி எனக்கு ஒரு கோப்பி-ஓ கோசோங், பாலும் சக்கரையும் இல்லாத கறுப்பு காப்பி, தா பாவ் (பார்சல்) பண்ணிட்டு வந்தாரு. என் முன்னாடியே ஊசி முனை கத்தியால பூவ ஒவ்வொண்ணா பிடுங்குனாரு, எண்ணுனேன், 31 பூ.

மிச்சத்துக்கு ரெண்டு வாரம். திரும்ப போனப்ப பட்டை போயி கிரீடம் வந்திருந்துச்சு, கொத்தமல்லி வெதை பாதி அளவுக்கு ஒரு கிரீடம், அதுலயும் செவப்பு தங்கம்னு தனித்தனியா தெரியுது. கொடிய எடுத்துட்டு பேரு, பட்டாளம், தேதி மட்டும். நான் கேக்காமலேயே ஒண்ணு பண்ணியிருந்தாரு: தட்டையா இருந்த பேஸ நடுவுல குடைஞ்சு பள்ளமாக்கி, அதுக்குள்ள அவர குனிய வெச்சிருக்காரு. பள்ளம்னு நான் கதையில ஒரே ஒரு தடவ சொன்னது. இதுக்கு எக்ஸ்ட்ரா காசு வாங்கல. கைக்கு கீழ கையெறி குண்டு, முழு உளுந்து ஒண்ணு எவ்வளவோ அவ்வளவு, கறுப்பா.

முதுகு மட்டும் என் முதுகு மாதிரியே இருக்கு. சட்டை இடுப்புல கொஞ்சம் தூக்கியிருக்குறது கூட அன்னிக்கு நான் நின்ன மாதிரியே. ஆக இதுவும் முழுசா ஆஸ்போர்ன் இல்லன்னு வெச்சுக்கங்க, பாதி இந்த சிங்கப்பூர் யீஷுன்காரன், நான்தான். வீட்டுல என் மகன் பாத்ததும் கண்டுபுடிச்சுட்டான், "அப்பா, இது நீங்கதான" அப்படின்னு.

பேக்கிங் பத்தி சொல்லணும். ஸ்பாஞ்ச நாலு அடுக்கு வெட்டி சிலை உருவத்துக்கே குழி பண்ணி, மரப்பெட்டில வெச்சு குடுத்தாரு. வின்னிப்பெக் போயி சேர 11 நாள். ஹெல்மெட், துப்பாக்கி, விரல் எதுவும் ஒடையல. குண்டு மட்டும் பிச்சுக்கிட்டு ஸ்பாஞ்சுக்குள்ள எங்கயோ போயிடுச்சு, மருமகன் வீடியோ கால்ல பெட்டிய கவுத்து தட்டி தட்டி தேடுறான், கெடைக்கல. அங்கிளுக்கு மெசேஜ் பண்ணேன், அதிசயமா அஞ்சு நிமிஷத்துல பதில். தபால் கவர்ல சின்ன டப்பாவுல மூணு குண்டு போட்டு ஃப்ரீயா அனுப்பிட்டாரு, ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்காரன் பாத்தா என்ன நெனப்பான்னுதான் எனக்கு பயம்.

மருமகன் இத அவன் யூனிட்டுக்கு எடுத்துட்டு போயி காட்டியிருக்கான். அவன் சார்ஜன்ட் மேஜர் ரொம்ப நேரம் கையில வெச்சு பாத்துட்டு, மொதல்ல கேட்டது மணிக்கட்டுல கிரீடம் இருக்கான்னுதானாம். பாத்தீங்களா. அந்த 31 பூவுக்கும் மூணு பட்டைக்கும் நான் போட்ட சண்டை வீண் போகல.

வாங்கலாமான்னு கேட்டா: ரெடிமேட் போஸ்னா 270லேருந்து இருக்கு, அதுக்கு அவ்வளவு காசு வேணாம்னுதான் சொல்வேன், அதே மாதிரி ஆன்லைன்ல கெடைக்கும். சொல்லி செய்ய வெக்கிறதா இருந்தா இவரு மாதிரி ஆளு இந்த ஊர்ல நான் வேற பாக்கல. ஆனா அவரு வரலாறு பாப்பாருன்னு நம்பி வுட்டுடாதீங்க, அவரு கைக்காரரு, படிக்கிறவரு இல்ல. படம், தேதி, பதவி சின்னம், எந்த மாசம், என்ன மண்ணு எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி கையில குடுங்க. பாப்பி வேணாம்னு தனியா எழுதுங்க. ஞாயிறு, திங்கள் மூடியிருக்கும், கதவுல எழுதி ஒட்டவும் மாட்டாரு. அஞ்சுக்கு நாலு ஸ்டார், அந்த ஒண்ணு நீல டிக்குக்கு.

போன வாரம் திரும்பவும் போனேன். ஹாங்காங்ல நின்ன பட்டாளத்துல ரெண்டு இந்திய பட்டாளம், 5/7 ராஜ்புத், 2/14 பஞ்சாப். 18 ராத்திரி ஜப்பான் படை எறங்குன வடகிழக்கு கரையில நின்னது ராஜ்புத் சிப்பாய்ங்கதான், ஆஸ்போர்ன் மலை ஏறுறதுக்கு முந்தின ராத்திரி. அதுல ஒருத்தர செய்ய முடியுமான்னு கேட்டேன். "இந்தியன் ஆல்சோ காட் ஆ?"ன்னு ஆச்சரியமா கேட்டுட்டு, "ஃபோட்டோ?"ன்னாரு. ஃபோட்டோ இல்லன்னேன். கால்குலேட்டர எடுத்தவரு எதுவும் தட்டாம திரும்ப வெச்சுட்டு, "ஃபைண்ட் ஃபர்ஸ்ட் லா, ஐ வெயிட்" அப்படின்னாரு. டெபாசிட் வாங்கிக்கல. நான் தேடிக்கிட்டிருக்கேன், தாத்தா ராஜ்புத் பட்டாளத்துல இருந்தாருன்னு வீட்டுல பழைய படம் வெச்சிருக்குறவங்க யாராச்சும் இருந்தா கீழ சொல்லுங்க.